உங்களுக்குத் தெரியுமா? குடல் செல்லும் நல்ல பாக்டீரியாவும்

ஹைதராபாத் மாரெட்பள்ளித் தமிழர் வீடுகளில் சாப்பாடு மோர் சோற்றில்தான் முடியும். வயிறு சரியில்லை என்றால் முதலில் சொல்லும் வைத்தியமும் அதுதான்: "ஒரு டம்ளர் மோர் குடி, சரியாப் போயிடும்." இப்போது அதே தெருவின் மெடிக்கல் ஷாப்பில் புரோபயாடிக் கேப்ஸ்யூல், பொடி, குப்பி என்று ஒரு தட்டே நிறைந்திருக்கிறது. இந்த நல்ல பாக்டீரியாக்கள் குடலுக்குள் போய் என்னதான் செய்கின்றன? அழற்சியை அவை தணிக்கின்றன என்கிறார்களே, எப்படி? இந்த முறை துணுக்குகள் முழுக்க அதைப் பற்றித்தான்.

●

கிழக்கு மாரெட்பள்ளியிலிருந்து லாலாகுடா, மெட்டுகூடா தாண்டிச் சில கிலோமீட்டர் போனால் தார்நாகா. அங்கே உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்தது ஹைதராபாத்தில் இல்லை, நம் நீலகிரியில். 1918இல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில், ஒரே ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிவந்தது. இன்றைய பெயர் 1969இல் வந்தது.

மெக்காரிசன் பெரிபெரியோடு நிற்கவில்லை. சத்து இல்லாத உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவற்றின் குடல் வீங்கிப் புண்ணானது. தப்பான சாப்பாட்டுக்கும் குடல் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1921இல் அமெரிக்காவில் போய் அவர் உரையாற்றினார். குடல் அழற்சியும் உணவும் என்று இன்று உலகமே பேசும் விஷயத்துக்கு ஒரு வேர் குன்னூரில் இருக்கிறது. தமிழர்கள் இதை இன்னும் உரக்கச் சொல்லிக்கொள்ளலாம்.

●

நம் உடம்பில் இருக்கும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை சுமார் 38 லட்சம் கோடி. நம்முடைய சொந்த செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. "நம் செல்லைவிட பாக்டீரியா பத்து மடங்கு" என்று பல காலமாகச் சொல்லிவந்த கணக்கை 2016இல் திருத்தி எழுதிய அளவு இது. அத்தனை பாக்டீரியாவையும் ஒன்றாகச் சேர்த்தால் எடை 200 கிராம்தான் வரும். பெரும்பாலானவை குடியிருப்பது பெருங்குடலில்.

●

அத்தனை கூட்டத்துக்கும் நம் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் எத்தனை செல் தடிமன் தெரியுமா? ஒன்று. ஒரே ஒரு வரிசை செல். அதன்மேல் வழுவழுப்பான சளிப்படலம் ஒன்று பூசியிருக்கும். செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான இடைவெளியை ஆக்லூடின், கிளாடின் போன்ற புரதங்கள் இறுக்கிப் பிடித்திருக்கும். இந்தச் செல்கள் நான்கைந்து நாளில் உதிர்ந்து புதியவை முளைத்துவிடும். போன வாரம் நம் குடலைக் காத்த சுவர் இன்று இல்லை.

அந்தப் பிடி தளர்ந்தால் உள்ளே இருக்கவேண்டியது வெளியே கசியும். நோய் எதிர்ப்புச் செல்கள் ஓடிவந்து சண்டை போடும். ஓய வேண்டிய நேரத்தில் சண்டை ஓயாமல் வருடக்கணக்கில் தொடர்ந்தால் அதற்குப் பெயர்தான் குடல் அழற்சி நோய். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், கிரோன்ஸ் என்று டாக்டர்கள் எழுதித் தருவது இவற்றைத்தான். ரத்தம் கலந்த பேதி, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கழிவறை, இருபது வயதில் வேலைக்கும் கல்லூரிக்கும் போகமுடியாத நிலை. வெளியே சொல்லக் கூச்சப்பட்டே பலர் காலம் தாழ்த்திவிடுகிறார்கள். மலத்தில் ரத்தம் கண்டால் மூலம்தான் என்று தாங்களே முடிவுகட்டாமல் ஒரு குடல் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

●

குடல் அழற்சி நோய் மேல்நாட்டு வியாதி, நமக்கு வராது என்று ஒரு காலத்தில் நம் மருத்துவப் பாடமே சொன்னது. ஆனால் லூதியானா தயானந்த் மருத்துவக் கல்லூரியின் அஜித் சூட் குழுவினர் பஞ்சாபில் 51,910 பேரிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டு, பரிசோதித்து, 2003இல் கணக்கு வெளியிட்டார்கள். லட்சம் பேரில் சுமார் 44 பேருக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்.

●

அழற்சி எங்கே தொடங்குகிறது? செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதத்தில். 1986இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டுபிடித்த அதன் பெயர் என்.எஃப். கப்பா-பி.

அமைதியான நேரத்தில் அது செல்லின் உட்கருவுக்கு வெளியே சும்மா கிடக்கும். ஐ-கப்பா-பி என்ற இன்னொரு புரதம் அதை இறுகப் பிடித்துவைத்திருக்கும். கெட்ட கிருமியின் வாடை பட்டால், அல்லது டி.என்.எஃப். போன்ற ஆபத்துச் சமிக்ஞை வந்தால், பிடித்துவைத்திருக்கும் புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்ற அடையாளச் சீட்டு ஒட்டப்படும். சீட்டு ஒட்டப்பட்ட புரதத்தைச் செல் நொறுக்கிவிடும். பிடி விட்டதும் கப்பா-பி நேராக உட்கருவுக்குள் போய் அழற்சி மரபணுக்களை ஒவ்வொன்றாக இயக்கும். இன்டர்லூகின்-8 சுரக்கும். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் படையாக வரும். சிவப்பு, வீக்கம், வலி, புண் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த வரிசையில் பாக்டீரியா எங்கே குறுக்கிடுகிறது என்பதே இந்தத் துறையின் மையக் கேள்வி. ஒரே பதில் இல்லை. ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒவ்வோர் இடத்தில் கை வைக்கிறது.

●

2000ஆம் ஆண்டு. எமரி பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ நீஷ் குழு, நோய் உண்டாக்காத சால்மொனெல்லா ரகங்களைக் குடல் செல்களோடு சேர்த்து வைத்தது. அந்த அடையாளச் சீட்டு ஒட்டப்படவே இல்லை. ஐ-கப்பா-பி நொறுங்கவில்லை, கப்பா-பி உள்ளே போகவில்லை, இன்டர்லூகின் சுரக்கவில்லை. டைபாய்டு குடும்பத்துக் கிருமியிலேயே சாதுவான ரகம் குடல் செல்லைச் சாந்தப்படுத்தியது.

●

நாலு வருடம் கழித்து ஸ்காட்லாந்தின் அபர்டீனில் டெனிஸ் கெல்லி குழு வேறொரு வழியைக் கண்டது. நம்மில் பலர் குடலில் வாழும் பாக்டீராய்ட்ஸ் தீட்டாயோடாமைக்ரான், கப்பா-பி உட்கருவுக்குள் நுழைவதைத் தடுப்பதில்லை. நுழைந்த பிறகு சீக்கிரமே வெளியே அனுப்பிவைக்கிறது.

●

புரோபயாடிக் உலகில் அதிகம் ஆராயப்பட்ட ரகம் லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜிஜி. கடைசியில் வரும் இரண்டு "ஜி"யும் அதைப் பிரித்தெடுத்த கோர்பாக், கோல்டின் என்ற இருவரின் பெயர் முதலெழுத்துகள். ஆரோக்கியமான ஒருவரின் குடலிலிருந்து 1980களில் எடுத்தது.

இது வளரும்போது பி40, பி75 என்ற இரண்டு புரதங்களைக் கசியவிடுகிறது. பாக்டீரியாவையே வடிகட்டி எடுத்துவிட்டு, அந்தப் புரதத்தை மட்டும் குடல் செல்மேல் ஊற்றினாலும் பலன் கிடைத்தது. அழற்சிப் பொருள்கள் தாக்கும்போது தற்கொலை செய்துகொள்ளும் செல், பி40 பக்கத்தில் இருந்தால் பிழைத்துக்கொள்கிறது. செல்லின் மேல்பரப்பில் இருக்கும் வளர்ச்சி ஏற்பியை அந்தப் புரதம் தட்டி எழுப்புகிறது. அழற்சியைத் தணிப்பதோடு சுவரை இடியாமல் தாங்கிப் பிடிக்கும் வேலையும் நடக்கிறது.

●

இதையெல்லாம் எந்தக் குடலில் பார்க்கிறார்கள்? பெரும்பாலும் கிண்ணத்தில் வளர்க்கும் குடலில்.

காகோ-2 என்று ஒரு செல் வரிசை. 1977இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங்கில் யோர்கன் ஃபோக் என்பவர், 72 வயது ஆண் ஒருவரின் பெருங்குடல் புற்றுக்கட்டியிலிருந்து வளர்த்தெடுத்தது. உலகெங்கும் ஆய்வகங்களில் இன்றும் பெருகிக்கொண்டே இருக்கிறது. நுண்ணிய துளைகள் கொண்ட ஒரு சவ்வின்மேல் இந்தச் செல்களைத் தூவி, இளஞ்சிவப்பு ஊட்டத் திரவத்தில் மூழ்கவைத்து, 37 டிகிரி சூட்டில் மூன்று வாரம் விடுவார்கள். புற்றுசெல் என்பதையே மறந்ததுபோல் அவை தோளோடு தோள் சேர்ந்து ஒரே அடுக்காக நிற்கும். உச்சியில் குட்டிக் குட்டி விரல்கள் முளைக்கும். பெருங்குடலில் பிறந்த செல் சிறுகுடல் செல்லைப்போலவே நடந்துகொள்ளும்.

பிறகு சவ்வுக்கு மேலே ஒரு மின்முனை, கீழே ஒரு மின்முனை. சுவர் இறுக்கமாக இருந்தால் மின்தடை அதிகம். டி.என்.எஃப். ஊற்றினால் மின்தடை மளமளவென்று விழும், அதாவது சுவர் கசிகிறது. முன்கூட்டியே புரோபயாடிக் சேர்த்துவைத்த கிண்ணத்தில் அந்த வீழ்ச்சி குறைவாக இருந்தால் ஆய்வாளர் முகம் மலரும். நாளிதழில் "குடல் அழற்சிக்கு மருந்து கண்டுபிடிப்பு" என்று செய்தி வருவது பல சமயம் இந்தக் கட்டத்தில்தான். கிண்ணத்தில் வயிற்று அமிலம் இல்லை, பித்தநீர் இல்லை, 38 லட்சம் கோடி போட்டியாளர்கள் இல்லை. செய்தியைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

●

பொன்னியும் அரிசிதான், சோனா மசூரியும் அரிசிதான். ஒன்றில் வடித்த சோறு இன்னொன்றைப்போல் இருப்பதில்லை என்பது இங்கே வந்து குடித்தனம் போட்ட எல்லாத் தமிழருக்கும் தெரியும். பாக்டீரியாவிலும் ரகம்தான் எல்லாம். ஒரு ரகத்துக்கு நிரூபணமானது அதே இனத்தின் இன்னொரு ரகத்துக்குப் பொருந்தாது.

இதற்கு நல்ல சாட்சி ஈ-கோலை. பெயரைக் கேட்டாலே பயப்படுகிறோம். ஆனால் 1917இல், முதல் உலகப்போர் நேரத்தில், ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் ஆல்ஃபிரட் நிஸ்லே என்ற மருத்துவர் ஒரு சிப்பாயைக் கவனித்தார். உடனிருந்தவர்கள் எல்லாம் வயிற்றுப்போக்கில் சுருண்டபோது அவருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவருடைய மலத்திலிருந்து எடுத்த ஈ-கோலை ரகத்துக்கு இன்று நிஸ்லே 1917 என்றே பெயர். 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 327 கோலைட்டிஸ் நோயாளிகளில் ஒரு பாதிக்கு வழக்கமான மெசலமைன் மாத்திரை, மறுபாதிக்கு நிஸ்லே ரகம். ஒரு வருடத்தில் நோய் திரும்பியது மாத்திரைக் குழுவில் நூற்றுக்கு 34 பேருக்கு, பாக்டீரியாக் குழுவில் 36 பேருக்கு. கிட்டத்தட்ட சமம்.

●

அப்படியானால் வீட்டுத் தயிர்?

உறை மோர் தீர்ந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தோடு போவது மாரெட்பள்ளியில் இன்றும் உண்டு. இந்த வீட்டு உறை அந்த வீட்டுக்குப் போய், அங்கிருந்து மாடி வீட்டுக்குப் போய், தெருவே ஒரே தயிர்க் குடும்பமாக இருக்கும். உள்ளே என்னென்ன பாக்டீரியா என்பது கிண்ணத்துக்குக் கிண்ணம் மாறும். ஹைதராபாத் மே மாத வெயிலில் மூன்று மணி நேரத்தில் புளிக்கிற தயிரும் டிசம்பரில் கம்பளி சுற்றிவைத்தாலும் உறையாத தயிரும் ஒன்றல்ல. தயிரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் பாலில் வாழப் பழகியவை. பல, வயிற்று அமிலத்தைத் தாண்டும்போதே மடிந்துவிடும். அதனால் விஞ்ஞானிகள் தயிரைக் கண்ணை மூடிக்கொண்டு புரோபயாடிக் என்று அழைப்பதில்லை. 2001இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு வகுத்த இலக்கணம் கறாரானது: உயிரோடு இருக்க வேண்டும், போதிய எண்ணிக்கையில் போக வேண்டும், உடம்புக்கு நன்மை செய்வது நிரூபணமாக வேண்டும்.

இதனால் தயிருக்கு மதிப்புக் குறைந்துவிடவில்லை. பால் சர்க்கரையைச் செரிக்க முடியாதவர்களுக்கு உயிருள்ள தயிர் உதவும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2010இல் ஏற்றுக்கொண்டது. கிராமுக்குக் குறைந்தது 10 கோடி பாக்டீரியா இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. பால் குடித்தால் வயிறு உப்பும் பெரியவர் மோர் குடித்து நிம்மதியாக இருப்பதற்குக் காரணம் இது. அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்கு மோரே போதும் என்று மருந்தை நிறுத்துவதற்கு மட்டும் இது காரணமாகாது.

இட்லி? மாவைப் பொங்கவைப்பது லூக்கோநாஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் முதலான பாக்டீரியாக்கள். ஆவியில் வெந்ததும் எல்லாம் முடிந்தது. புளித்ததால் வந்த சுவையும் செரிமானமும் நமக்கு, உயிர் மட்டும் இல்லை.

●

செத்த பாக்டீரியாவும் வேலை செய்யும். கதிர்வீச்சால் செயலிழந்த புரோபயாடிக்கைக் கொடுத்தும் எலிகளின் பெருங்குடல் அழற்சி தணிந்ததை 2004இல் இஸ்ரேலின் ராக்மிலெவிட்ஸ் குழு காட்டியது. பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை நம் செல்லின் டோல்-9 ஏற்பி அடையாளம் கண்டு அமைதிச் சமிக்ஞை அனுப்புகிறது. ஒருவேளை ஆறிப்போன இட்லியிலும் இப்படி ஏதாவது இருக்கலாமோ என்ற ஆசை எனக்கு உண்டு. யாராவது ஆராய்ந்து சொல்ல வேண்டும்.

●

வேலூர் சி.எம்.சி.யில் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 1980இல் நேச்சர் இதழில் ஒரு செய்தி சொன்னார்கள்: தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் வைட்டமின் பி12 தயாரிக்கின்றன. பால் பொருள்களைத் தவிர்த்தால் சைவச் சாப்பாட்டில் கிடைக்காத சத்து!

●

அழற்சிக்கு எதிராகக் குடலில் நடக்கும் மிகப் பெரிய வேலை, கடையில் வாங்கும் பாக்டீரியாவால் நடப்பதில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கும் பாக்டீரியா நம் நார்ச்சத்தைத் தின்று பியூட்டிரேட் என்ற சின்னஞ்சிறு கொழுப்பு அமிலத்தைச் செய்கிறது. பெருங்குடல் செல்லுக்கு அதுதான் சோறு. தனக்கு வேண்டிய சக்தியில் சுமார் 70 சதவீதத்தை அந்தச் செல் பியூட்டிரேட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அழற்சி மரபணுக்களை அடக்கவும் அது உதவும். சண்டையை நிறுத்தச் சொல்லும் ஒழுங்குபடுத்தும் டி செல்களைக் குடலில் அது பெருக்குகிறது என்று 2013இல் எலிகளில் கண்டார்கள்.

இங்கே மறுபடியும் வேலூர் வருகிறது. பி.எஸ். ராமகிருஷ்ணா குழு, காலரா வந்த 48 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசல், இன்னொன்றுக்கு அரிசி மாவு சேர்த்தது, மூன்றாவதற்குச் சிறுகுடலில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்து சேர்த்தது. மூன்றாவது பிரிவினருக்குப் பேதி சீக்கிரம் நின்றது. செரிக்காத மாவு பெருங்குடல் பாக்டீரியாவுக்கு இரையாகி, அவை தந்த கொழுப்பு அமிலம் உப்பையும் நீரையும் உள்ளே இழுத்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த இந்த ஆய்வு, பாக்டீரியாவைக் கொடுக்காமல் பாக்டீரியாவுக்குக் கொடுத்து வைத்தியம் பார்த்தது. எவ்வளவு எளிய, எவ்வளவு அழகான யோசனை!

சுடுசோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி இதேபோல் எளிதில் செரிக்காத மாவாக மாறுகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்கவும்.

●

பியூட்டிரேட் செய்யும் பாக்டீரியாக்களில் முதல் வரிசையில் நிற்பது ஃபீகலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி. கிரோன்ஸ் நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை நடக்கும்போது இது குறைவாக இருந்தால், ஆறு மாதத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று 2008இல் பாரிஸின் ஹாரி சோகோல் குழு கண்டது. கப்பா-பியை அடக்கும் புரதம் ஒன்றையும் இது சுரக்கிறது. இவ்வளவு நல்ல பாக்டீரியா ஏன் மெடிக்கல் ஷாப்பில் எளிதாகக் கிடைப்பதில்லை? காற்றில் இருக்கும் ஆக்சிஜன் பட்டாலே செத்துவிடும். கேப்ஸ்யூலில் அடைப்பது லேசில்லை. நாம் செய்யக்கூடியது அதற்குச் சாப்பாடு போடுவதுதான்: கீரை, பயறு, வாழைத்தண்டு, தோல் நீக்காத தானியம்.

●

லூதியானாவின் அஜித் சூட்டை மறுபடி பார்ப்போம். 2009இல் வெளியான பல மருத்துவமனை ஆய்வு ஒன்றை அவர் குழு நடத்தியது. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் இருந்த 147 பேரில் 77 பேருக்கு எட்டு ரக பாக்டீரியா கலந்த வி.எஸ்.எல்.#3, மற்றவர்களுக்கு வெற்றுப்பொடி. பன்னிரண்டு வாரத்தில் நோய் அடங்கியது பாக்டீரியாக் குழுவில் 42.9 சதவீதம் பேருக்கு, வெற்றுப்பொடிக் குழுவில் 15.7 சதவீதம் பேருக்கு. இந்திய நோயாளிகளிடம், இந்திய மருத்துவர்கள் நடத்திய முக்கியமான ஆய்வு இது.

கொடுத்த அளவைப் பாருங்கள். ஒரு வேளைக்கு 3.6 லட்சம் கோடி பாக்டீரியா, தினம் இரண்டு வேளை. கடையில் கிடைக்கும் பல கேப்ஸ்யூல்களில் சில நூறு கோடிதான் இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு, 2020இல் அமெரிக்கக் குடலியல் சங்கம் எல்லா ஆய்வுகளையும் அலசிவிட்டு, கோலைட்டிஸுக்கும் கிரோன்ஸுக்கும் புரோபயாடிக்கை ஆராய்ச்சியின் பகுதியாக மட்டும் கொடுங்கள் என்றது. பெருங்குடலை அகற்றியபின் சிறுகுடலில் செய்யும் பையில் வரும் அழற்சிக்கு மட்டும் எட்டு ரகக் கலவைக்கு ஓரளவு பச்சைக்கொடி. நம்பிக்கை தரும் ஆய்வுகள் உண்டு, ஆனால் எண்ணிக்கையும் தரமும் போதவில்லை என்பதுதான் நிலைமை.

●

ஒடிசா கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகள். பாதிப் பேருக்கு லாக்டோபேசிலஸ் பிளான்டாரம் ரகம் ஒன்றும் அதற்கு இரையான ஒரு சர்க்கரையும், வாய் வழியாக ஏழே நாள். இரண்டு மாதத்துக்குள் ரத்தத்தில் நச்சு ஏறுவதும் மரணமும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தன. பினாகி பாணிகிராஹி குழுவின் இந்த ஆய்வு 2017இல் நேச்சர் இதழில் வந்தது. செலவோ மிகக் குறைவு. என் கணக்கில் இந்தத் துறையில் இந்தியா உலகத்துக்குக் கொடுத்த மிகப் பெரிய செய்தி இதுதான்.

●

கொல்கத்தா குடிசைப் பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்ட 3,758 குழந்தைகளில் பாதிப் பேருக்குப் பன்னிரண்டு வாரம் புரோபயாடிக் பானம் கொடுத்துப் பார்த்ததில் வயிற்றுப்போக்கு 14 சதவீதம் குறைந்தது. 2011இல் வெளிவந்தது. நம் தார்நாகா நிறுவனத்தின் ஆர். ஹேமலதா குழுவும் நகர்ப்புறக் குடிசைப் பகுதியில் பள்ளி செல்லும் முன் வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு ரகங்களைக் கொடுத்து வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் கண்காணித்தது.

●

நல்ல பாக்டீரியா எல்லோருக்கும் நல்லது இல்லை. இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

நெதர்லாந்தில், கணைய அழற்சி முற்றிய சுமார் 300 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. குடலுக்குள் குழாய்வழி ஆறு ரக புரோபயாடிக் கொடுத்த குழுவில் 24 பேர் இறந்தார்கள். வெற்றுப்பொடிக் குழுவில் 9 பேர். 2008இல் இந்த முடிவு வந்தபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர், கீமோ எடுப்பவர், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால், "இயற்கைதானே, என்ன ஆகிவிடும்" என்று நாமே வாங்கிக் கொடுக்கக் கூடாது. டாக்டரைக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. ஆன்டிபயாடிக் முடிந்ததும் புரோபயாடிக் சாப்பிட்டால் குடல் சீக்கிரம் பழைய நிலைக்கு வரும் என்பது பொதுவான நம்பிக்கை. 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் ஆரோக்கியமானவர்களிடம் சோதித்தபோது நேர்மாறாக நடந்தது. பதினோரு ரகப் புரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்குத்தான் சொந்த பாக்டீரியாக்கள் திரும்பிவரத் தாமதமானது.

●

மெடிக்கல் ஷாப்பில் டப்பாவைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியது: பேரினம், இனம், அதற்குப் பிறகு வரும் ரகத்தின் எழுத்தோ எண்ணோ. ரகத்தின் பெயர் இல்லை என்றால் எந்த ஆய்வை நம்பி அதை விற்கிறார்கள் என்று நமக்குத் தெரிய வழியில்லை. பிறகு எண்ணிக்கை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி ஒரு நாள் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியா வேண்டும். ரகப் பெயர், காலாவதி நாளில் இருக்கும் எண்ணிக்கை, பாதுகாக்கும் முறை மூன்றும் லேபிளில் இருக்கவேண்டும் என்று 2011லேயே மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் வழிகாட்டி வெளியிட்டன. அதை எழுதியவர்களில் தார்நாகா நிறுவனத்தின் சசிகேரனும் ஹேமலதாவும், வேலூர் ராமகிருஷ்ணாவும் உண்டு.

ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லும் பொடியை ஏப்ரல் வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்து ஊரைச் சுற்றிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தால் டப்பாவில் எழுதியிருக்கும் எண்ணிக்கை டப்பாவில்தான் இருக்கும். குழந்தைகளுக்கு எழுதித் தரும் எண்டரோஜெர்மினா குப்பிக்கு அந்தக் கவலை குறைவு. அதில் இருப்பது பேசிலஸ் கிளாசியின் வித்துகள், 5 மில்லியில் 200 கோடி. வித்து வடிவில் சூட்டையும் வயிற்று அமிலத்தையும் தாங்கும்.

●

இப்போது பழைய சோறு. தெலங்கானாவிலும் ஆந்திராவிலும் சத்தி அன்னம் என்பார்கள், மோரும் பச்சை வெங்காயமும் சேர்த்து. இங்கே கோடையில் அம்பலிக் கூழும் குடிப்பார்கள். தமிழர் வீட்டில் ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையில் நீராகாரம் தயார்.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் குடல் அறுவைச் சிகிச்சைத் துறை, டாக்டர் ஜெஸ்வந்த் தலைமையில், பழைய சோறு குடல் அழற்சி நோயாளிகளுக்கு உதவுமா என்று முறையாக ஆராய இறங்கியது. தமிழக அரசு நிதியும் கொடுத்தது. இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல. பழைய சோற்றைப் பற்றி நாம் ஆயிரம் வாட்ஸ்அப் பெருமை அனுப்புகிறோம். எந்த அரிசி, எத்தனை மணி நேரம் ஊறியது, எந்தப் பாக்டீரியா எவ்வளவு வளர்ந்தது, எந்த நோயாளிக்கு எத்தனை வாரம் கொடுத்தார்கள், வேறு உணவு சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் என்ன ஆனது என்று கேட்டு எழுதிவைப்பதுதான் அந்தச் சாப்பாட்டுக்குச் செய்யும் மரியாதை.

மேலே சொன்ன இரண்டு விஷயங்களும் பழைய சோற்றில் ஒன்றாகச் சந்திப்பதைக் கவனியுங்கள்: ஆறிய சோற்றின் செரிக்காத மாவு, ராத்திரி முழுக்கப் பெருகிய லாக்டிக் அமில பாக்டீரியா. மறுபடி வேகவைக்காமல் அப்படியே சாப்பிடுவதால் பாக்டீரியா உயிரோடு உள்ளே போகிறது. கெட்ட கிருமி சேர்ந்துவிட்டால் அதுவும் உயிரோடுதான் போகும். எனவே சுத்தமான பாத்திரம், காய்ச்சி ஆறிய தண்ணீர், ஹைதராபாத் கோடையில் காலை எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுவது.

●

டெல்லி எய்ம்ஸில் வினீத் அஹுஜா குழு, கோலைட்டிஸ் நோயாளிகளுக்கு ஆரோக்கியமானவரின் குடல் பாக்டீரியாக்களை மலத்தோடு மாற்றிவைத்து, கூடவே அழற்சியைக் குறைக்கும் உணவுமுறையையும் கொடுத்தது. நோய் அடங்கிய பிறகு உணவுமுறையை மட்டும் தொடரச் சொன்னது. ஒரு வருடம் கழித்தும் ஒரு பகுதியினருக்குப் பலன் நிலைத்திருந்தது. 2022இல் கட் இதழில் வெளியானது.

●

சாக்கரோமைசஸ் பௌலார்டி என்ற புரோபயாடிக், பாக்டீரியா இல்லை, ஈஸ்ட். 1920களில் பிரெஞ்சுக்காரர் ஆன்ரி பௌலார், இந்தோசீனாவில் காலரா பரவிய நேரத்தில் மக்கள் லிச்சி, மங்குஸ்தான் தோலைக் கொதிக்கவைத்துக் குடிப்பதைப் பார்த்து, அந்தப் பழங்களிலிருந்து பிரித்தெடுத்தது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், ஈஸ்டைத் தொடாது. அதனால் ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தே இதை எழுதித் தருகிறார்கள். பாக்டீரியா வகைப் புரோபயாடிக் என்றால் ஆன்டிபயாடிக் மாத்திரைக்கும் அதற்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்வார்கள்.